கம்பெனி பதியும்போது எழுதும் கடிதம்



தோட்டத்து வீடுகளில் கடிதம் என்றால் ஒரு காலத்தில் ஊரிலிருந்து வருவது, இல்லையேல் ஆபீசிலிருந்து கிராணியார் கொடுத்தனுப்புவது. வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுவோம். இன்று அதே வீட்டுப் பெண் ஐந்தாம் படிவம் முடித்து, கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ ஒரு நிறுவனச் செயலாளரின் அலுவலகத்தில் அமர்ந்து, பிறருக்குக் கடிதம் எழுதுகிறாள். அவள் எழுத வேண்டிய ஒருவகைக் கடிதத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கம்பெனி தொடங்கப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு, வேலை எந்த அளவில் இருக்கிறது என்று தெரிவிக்கும் கடிதம் அது.

இதில் என்ன பெரிய காரியம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கிள்ளானுக்கு வந்து, ஒரு லோரி வைத்துப் பிழைத்தவர். இரண்டாவது லோரி வாங்கியதும், தனியாள் வியாபாரமாக இருந்ததைச் செண்டிரியான் பெர்ஹாட் ஆக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஓர் அலுவலகத்தில் பணமும் கட்டினார். இரண்டு வாரம் கழித்து அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. "தங்கள் நிறுவனப் பதிவு நல்லபடியாக நடைபெற்று வருகிறது. விரைவில் நிறைவுபெறும்." இவ்வளவுதான்.

மனிதர் மகிழ்ந்து போனார். கம்பெனி பெயரில் ரப்பர் முத்திரை செய்தார். பெயர்ப்பலகை எழுதக் கொடுத்தார். கடையொன்றை வாடகைக்குப் பேசி, கம்பெனிக்காக என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் கேட்ட பெயர் ஏற்கெனவே பதிவான வேறொரு நிறுவனத்தின் பெயராகவே இருந்ததால் நிராகரிக்கப்பட்டுவிட்டது. கம்பெனி இன்னும் பிறக்கவே இல்லை. பலகையும் முத்திரையும் வீண். கடைக்காரர் வாடகையை யாரிடம் கேட்பார்? கையெழுத்திட்டவரிடம்தானே! லோரி ஓட்டிச் சேர்த்த பணத்திலிருந்து சில மாதம் வெறுங்கடைக்கு வாடகை கட்டினார்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பதிவாகாத ஒரு கம்பெனிக்காக ஒருவர் ஒப்பந்தம் செய்தால், அந்த ஒப்பந்தம் அவரையே கட்டும். கம்பெனி பிறந்தபின் அதை ஏற்றுக்கொண்டால்தான் சுமை கம்பெனியின் தலைக்கு மாறும். ஒப்பந்தத்திலேயே வேறு விதமாக எழுதியிருந்தால் அது தனி. இந்த ஒரு செய்தி அக்கடிதத்தில் இருந்திருந்தால் அவர் பேனாவை எடுத்திருக்கவே மாட்டார்.

ஆகவே, கடிதம் எழுதும் பிள்ளை முதலில் வேலையின் படிகளை அறிந்திருக்க வேண்டும். முன்பு 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கம்பெனி அமைக்கக் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 2017 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்தபின், ஒருவரே பங்குதாரராகவும் அவரே இயக்குநராகவும் இருந்து தொடங்கலாம். பெயரை ஒதுக்கிவைக்க 50 வெள்ளி. அந்த ஒதுக்கீடு 30 நாளைக்கு நிற்கும். பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. பதிவு செய்வது எஸ்.எஸ்.எம். என்று நாம் சொல்லும் மலேசிய நிறுவன ஆணையம். அதன் கோபுரம் கே.எல். சென்ட்ரலில் நிற்கிறது, பிரிக்பீல்ட்சிலிருந்து நடந்தே போகலாம். நம் பாட்டன்மார் பலர் ரயில்வேயில் உழைத்த இடம் அது. இப்போது மனுவெல்லாம் கணினி வழியாகவே போகிறது என்பது வேறு விஷயம்.

பெயர் ஒதுக்கப்படுவது வேறு, கம்பெனி பதிவாவது வேறு. அந்த லோரிக்காரர் தடுக்கி விழுந்தது இங்கேதான். பதிவு அறிவிக்கை கைக்கு வந்தால்தான், அதில் கண்ட தேதியிலிருந்து, கம்பெனி ஓர் ஆளாக நிற்கும். அதற்கு முன்னால் அது வெறும் பெயர்.

இனி, நான் எழுதுவதானால் எப்படி எழுதுவேன் என்று வாசித்துக் காட்டுகிறேன். கேளுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் கேட்ட முதல் பெயர் கிடைக்கவில்லை. அதே பெயரில் வேறொரு நிறுவனம் இருக்கிறது. தாங்கள் எழுதிக் கொடுத்த இரண்டாவது பெயர் மார்ச் 3ஆம் தேதி முதல் 30 நாளைக்கு நமக்காக ஒதுக்கப்பட்டுள்ளது. கம்பெனி இன்னும் பதிவாகவில்லை. தங்கள் அடையாள அட்டையின் நகலும், அலுவலக முகவரியும் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். மார்ச் 10க்குள் தந்தால் மறுநாளே மனுவை அனுப்புவோம். பதிவு அறிவிக்கை வரும்வரை கம்பெனி பெயரில் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டாம். முத்திரையோ பலகையோ செய்ய வேண்டாம். தாங்கள் தந்த தொகையில் 50 வெள்ளி பெயருக்குக் கட்டப்பட்டது. ரசீது இத்துடன் உள்ளது. மீதி எங்களிடம் இருக்கிறது."

அலங்காரம் ஒன்றும் இல்லை, பார்த்தீர்களா? முடிந்தது எது, முடியாதது எது, யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரிகிறது. "விரைவில்" என்ற சொல்லே அதில் வரவில்லை. அலுவலகங்களில் அந்தச் சொல்லை ஊறுகாய்போல எல்லாவற்றோடும் வைத்துவிடுகிறார்கள். தேதி தெரிந்தால் தேதியைப் போட வேண்டும். ஆணையத்தின் கையில் இருக்கிறது என்றால் அப்படியே எழுதிவிடலாம்; அதில் வெட்கம் இல்லை.

கெட்ட செய்தியை முதல் வரியிலேயே சொன்னதையும் கவனித்திருப்பீர்கள். நம்மவர்களுக்கு அது கூச்சம். நலம் விசாரித்து, நன்றி கூறி, கடைசி வரியில் பெயர் கிடைக்கவில்லை என்று எழுதுவோம். வாசிப்பவர் அவ்வளவு தூரம் வருவதற்குள் மனம் குளிர்ந்து கடிதத்தை மடித்துவிடுவார்.

பணத்தைப் பற்றிய வரி ஏன் என்றும் கேட்கலாம். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, தோட்டங்கள் துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த அந்த நாளில், தொழிலாளிகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்குப் பணம் கட்டினார்கள். அப்படிக் கட்டியவனுக்கு அந்தப் பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்க உரிமை உண்டு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அலுவலகத்துக்கு ஆயிரம் வெள்ளி கட்டியவரும் அவர் பேரனாகவே இருக்கலாம்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. அரசாங்கப் பாரங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஆனால் வாடிக்கையாளருக்கு அலுவலகம் எழுதும் கடிதம் அவருக்கு விளங்கும் மொழியில் இருப்பதே முறை. அவர் தமிழ்ப்பள்ளியோடு நின்றவரானால் தமிழிலேயே எழுதலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, தேதியும் அனுப்பியவர் பெயரும் இருக்கட்டும். ஒரு நகல் கோப்பில் இருக்கட்டும்.

பதிவு அறிவிக்கை வந்த அன்றே இன்னொரு கடிதம் போக வேண்டும். அதில் பதிவு எண்ணையும் தேதியையும் எழுதி, அந்தத் தேதியிலிருந்து 30 நாளைக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும் என்றும், இனிமேல் கம்பெனியின் கடிதங்களிலும் பில்களிலும் பெயரோடு பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்றும் தெரிவிக்க வேண்டும்.

அதன்பின் லோரிக்காரரும் தம் வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுத வேண்டியவராகிறார். எந்தத் தேதியிலிருந்து கம்பெனி பெயரில் பில் வரும், காசோலையை எந்தப் பெயருக்கு எழுதுவது, பழைய பாக்கியை யாரிடம் கட்டுவது? பழைய வியாபாரத்தின் கடனும் வரவும் தாமாகக் கம்பெனிக்குப் போய்விடா, அவை அவருடையவையே. முன்பணம் கொடுத்துவிட்டு லோரிக்குக் காத்திருப்பவர் ஒருவர் இருந்தால், "உங்கள் முன்பணத்துக்கு நானே பொறுப்பு, பேசிய நாளில் லோரி வரும்" என்று அவருக்கு மட்டும் தனியாக ஒரு வரி சேர்த்து எழுதட்டும்.