வகுத்துப் பார்க்காமலே ஒரு விடை



கொடுத்த பத்து நிமிஷத்தில் ஒரே ஒரு எண்ணைப் பற்றிப் பேசுகிறேன். 127 இரண்டுகளை வரிசையாக எழுதிப் பெருக்கி, விடையில் 1-ஐக் கழியுங்கள். 39 இலக்கம் வரும்: 170141183460469231731687303715884105727. இது பகா எண். 1876-இல் பிரான்ஸ் நாட்டு எதுவார் லூக்கா இதை நிரூபித்தார். கணிப்பொறி ஏது? கையால் போட்ட கணக்குதான். 1951 வரை, 75 வருஷம், இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் யாருக்கும் தெரியாது.

வகுத்து வகுத்துப் பார்த்தாரா? அதுதான் இல்லை. ஒற்றைப்படை எண்களால் மட்டும் வகுத்துக்கொண்டே வர்க்கமூலம் வரை போனாலும், வினாடிக்கு நூறு கோடி வகுத்தல் போடுகிற கணிப்பொறிக்கே 200 வருஷத்துக்கு மேல் ஆகும். லூக்கா வேறு வழியில் போனார். 1930-களில் அமெரிக்கரான லேமர் அந்த வழியை எளிமையாக்கினார். சின்ன எண்ணில் காட்டுகிறேன், பாருங்க.

ஐந்து இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் 31. இப்போது 4-இல் தொடங்குங்க. வர்க்கப்படுத்தி 2 கழிச்சா 14. மறுபடியும் அதே மாதிரி செய்தால் 194. 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் 8. எட்டின் வர்க்கம் 64, இரண்டு போக 62. 31-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். கடைசிப் படியில் பூஜ்யம் வந்தால் பகா எண்; வராவிட்டால் இல்லை. ஐந்து இரண்டுகளுக்கு மூன்று படி, 127 இரண்டுகளுக்கு 125 படி. அவ்வளவுதான்!

விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. 67 இரண்டுகளுக்குக் கிடைக்கும் 21 இலக்க எண்ணும் பகா எண்தான் என்று 1644-இல் மெர்சென் பாதிரியார் எழுதி வைத்திருந்தார். அதே 1876-இல் லூக்கா, இல்லை என்றார். "அப்படியானால் எதனால் வகுபடும், காட்டுங்க" என்றால் அவரால் காட்ட முடியாது. வீட்டுக்குள்ளே ஆள் இருக்கிறது நிச்சயம்; யார் என்று தெரியவில்லை. 27 வருஷம் அப்படியே கிடந்தது. 1903-இல் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் அந்த இரண்டு காரணிகளை அறிவித்தார்: 193707721, 761838257287. வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று கதை சொல்வார்கள். கைதட்டல் கோலுக்குக் கிடைத்தது. என் ஓட்டு லூக்காவுக்குத்தான். கோல் சொன்னதைப் பெருக்கிப் பார்த்து யாரும் நம்பலாம். லூக்கா சொன்னதை நம்ப, நிரூபணத்தைப் படித்தாகணும்.

பகா எண்ணா என்று சொல்வது சுலபம், காரணி தேடுவது கஷ்டம். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ரகசியச் செய்தி அனுப்பும் முறையைக் கட்டியது இந்த இடைவெளியில்தான். 2024 அக்டோபரில் அறிவித்த பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கம். அதையும் உறுதி செய்தது லூக்கா–லேமர் சோதனைதான்.

மாணவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் ஏழு இரண்டுகளுக்குப் போட்டுப் பாருங்க. எண் 127, ஐந்தாவது படியில் பூஜ்யம் வரணும். அப்புறம் பதினொன்றுக்குப் போடுங்க. எண் 2047, ஒன்பது படி. அங்கே வராது. காரணி என்ன என்று என்னைக் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.