பன்னிரண்டாம் ஈடு



மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற பாதையில் பரவையைத் தாண்டினால் சமயநல்லூர். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். இப்போது பெங்களூரில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சிறிய பியர் ப்ரூவரி ஒன்று தொடங்க ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறேன். இதை முதன்முதலில் வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டார்: “ஏன் தாயி, ஊர்ல வேற தொழிலே இல்லையா?”

அந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிடவில்லை. குடியால் நொடித்துப்போன வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்தவர் அம்மா. எங்கள் பியரில் ஆல்கஹால் 4.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, சாப்பாட்டோடு ஒரு கோப்பை என்ற அளவிலேயே அது நிற்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்ததற்கு அவருடைய முகம்தான் காரணம். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நான் சொல்லப்போவதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். நாங்களும் உரிமம் பெற்ற ஒரு ப்ரூவரியில், அவர்கள் பார்வையில், சோதனைக்கென்று கொடுத்திருக்கும் 50 லிட்டர் பாத்திரத்தில்தான் பழகுகிறோம்.

சிறு ப்ரூவரி என்பது நம் நாட்டுக்குப் புதிது. புனேயில் 2009-இல் டூலாலி வந்தது. அடுத்த ஆண்டு பெங்களூர் இந்திராநகரில் டாய்ட் திறந்தார்கள். பாஸ்மதி அரிசி சேர்த்த பியர் ஒன்று அங்கே பேர்பெற்றது. நம் தானியத்தைச் சேர்க்கலாம் என்ற துணிச்சல் எங்களுக்கு வந்தது அந்த அரிசியைப் பார்த்துத்தான். எங்கள் மனதில் இருந்த தானியம் கேழ்வரகு.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்து, வெள்ளைத் துணியில் முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைப்பார்கள் அல்லவா? பார்லியை அப்படிச் செய்தால் அதுதான் மால்ட். முளைவிடும் விதை, தன் குருத்துக்கு ஊட்டுவதற்காகத் தன்னிடமுள்ள மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. குருத்து வளர்ந்து அதைத் தின்பதற்கு முன் உலர்த்தி நிறுத்திவிட்டு, வெந்நீரில் போட்டு அந்தச் சர்க்கரையை நாம் இறக்கிக்கொள்கிறோம். அந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் பியர்.

இது நமக்கு அந்நியமான வேலை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைப் படித்த பிறகு அந்த எண்ணம் போயிற்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கள் ஆக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டுகிறார்கள். அகன்ற வாயுள்ள தட்டில் ஆற்றுகிறார்கள். நல்லடை என்ற ஒன்றைக் கலக்கிறார்கள்; அதை நெல்முளையிலிருந்து செய்தது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். பிறகு சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு. பச்சை வாடை போனதும் விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். வேகவைத்தல், ஆறவைத்தல், முளைதானியம், நேரம், வடித்தல் எல்லாம் வரிசை பிசகாமல் இருக்கின்றன. கவிதைக்குள் இருந்தாலும் அது முழுமையான ஒரு செய்முறை.

ஆனால் செய்முறை தெரிந்துவிட்டால் பியர் வந்துவிடாது. இட்லிக்கு நாம் ஒரு ஈடு, இரண்டு ஈடு என்கிறோமே, அந்தச் சொல்லையே நாங்களும் வைத்துக்கொண்டோம். இதுவரை பதினோரு ஈடு காய்ச்சிவிட்டோம். அவற்றில் ஆறு சாக்கடைக்குப் போயின.

முதல் ஈட்டில் 10 கிலோ தானியத்தில் 4 கிலோ கேழ்வரகு போட்டோம். பார்லியின் உமி பாத்திரத்தின் அடியில் படிந்து தானே வடிகட்டியாகிவிடும். கேழ்வரகு பொடித் தானியம், அதற்கு அப்படிப்பட்ட உமி கிடையாது. போதாக்குறைக்கு அது வெந்து குழையப் பார்லியைவிடக் கூடுதல் சூடு வேண்டும் என்பதால், தனியே கூழ் காய்ச்சி ஊற்றியிருந்தோம். அடியில் களிமண் பூசியதுபோல் அடைத்துக்கொண்டது. குழாயைத் திறந்தால் சொட்டுகூட இறங்கவில்லை. இரவு பதினொரு மணி வரை கரண்டியால் கிளறிக்கொண்டே நின்றோம். ஊருக்குப் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். “உமியைப் போட வேண்டியதுதானே?” என்றார். உண்மையில் உலகமெங்கும் ப்ரூவரிகளில் அதைத்தான் செய்கிறார்கள்; நெல் உமி அவர்களுக்கு விலைகொடுத்து வாங்கும் சரக்கு. சோழவந்தான் பக்கத்து அரிசி ஆலை ஒன்றிலிருந்து ஒரு சாக்கு கொண்டுபோனேன். கழுவி, கொதிநீரில் அலசி, அரைக் கிலோ கலந்தோம். கேழ்வரகை 2 கிலோவாகக் குறைத்தோம். இரண்டாம் ஈடு தெளிவாக வடிந்தது.

கேழ்வரகை வாசனை வரும்வரை வறுத்தால் அருமையான மணம் வருகிறது. ஆனால் அந்தச் சூட்டில் மாவை உடைக்கும் நொதி செத்துப்போகும். ஆகவே மணத்துக்குக் கேழ்வரகு, உழைப்புக்குப் பார்லி என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். இது புரிய மூன்று ஈடு பிடித்தது.

ஹாப்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் கொதித்தால் கசப்பு தரும், கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் மணம் தரும். ரசத்தை இறக்கும்போது மல்லித்தழை போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்னை மிகவும் அலைக்கழித்தது ஈஸ்ட். 1516-இல் பவேரியாவில் பியருக்கு ஒரு சட்டம் போட்டார்கள். அதில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதான் இருந்தன. ஈஸ்ட் ஒரு உயிர் என்பது அன்று யாருக்கும் தெரியாது. லூயி பாஸ்டர் 1876-இல் பியர் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1883-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில், எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். இவ்வளவுக்குப் பிறகும் அது நம் சொல் கேட்பதில்லை. நான்காம் ஈடு நொதித்துக்கொண்டிருந்த இரவில் குளிர்சாதனம் நின்றுபோனது. 19 டிகிரியில் இருக்க வேண்டியது 26-க்கு ஏறிவிட்டது. காலையில் திறந்தால் கனிந்த வாழைப்பழ வாடை. மார்கழியில் பொங்காத இட்லி மாவு சித்திரையில் ஒரே ராத்திரியில் பாத்திரத்தை விட்டு வழியும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இருந்தும் அன்று வெப்பமானியைப் பார்க்காமல் தூங்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் நோட்டுப் புத்தகம் வந்தது. தேதி, எடை, தண்ணீரின் சூடு, எத்தனை நிமிடம் என்று எல்லாம் எழுதுகிறோம். தானியம் வெந்நீரில் ஊறும் சூடு 64 டிகிரி என்றால் பியர் மெலிந்து வறட்சியாக வரும். 69 என்றால் நாக்கில் கனமாக நிற்கும். ஐந்து டிகிரிக்குள் இரண்டு வேறு பியர். ஒரு ஈட்டுக்கு ஒரு மாற்றம் மட்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

டப்ளினில் கின்னஸ் ப்ரூவரிக்கு 1899-இல் வேலைக்கு வந்த வில்லியம் கோசெட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சில பார்லி மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எது உண்மையான வேறுபாடு, எது தற்செயல் என்று பிரித்தறிவது எப்படி என்பதே அவர் தேடிய கேள்வி. 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அதற்கான விடையை வெளியிட்டார். கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கும் அந்தச் சோதனை பியர் தொழிலில்தான் பிறந்தது.

தற்செயலை வேறுபாடு என்று நம்பி நாங்களும் ஏமாந்தோம். ஒன்பதாம் ஈடு எட்டாவதைவிட நன்றாக இருப்பதாக மூவரும் அடித்துச் சொன்னோம். கேழ்வரகைக் கூடுதலாக நான்கு நிமிடம் வறுத்திருந்தோம். பிறகு 12 பேரை உட்காரவைத்து, ஆளுக்கு மூன்று கோப்பை கொடுத்தோம். இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மட்டும் வேறு. வேறானது எது என்று அவர்கள் சொல்ல வேண்டும். கண்ணை மூடிச் சொன்னாலே நான்கு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எட்டுப் பேராவது சொன்னால்தான் வேறுபாடு இருப்பதாக நம்பலாம். சரியாகச் சொன்னவர்கள் ஐந்து பேர். நாங்கள் சுவைத்தது எங்கள் ஆசையைத்தான்.

கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குச் சமைக்கிற மாஸ்டர் பத்துப் பேர் சாம்பாரை ஆயிரம் பேருக்குப் பெருக்கும்போது புளியையும் மிளகாயையும் நூறால் பெருக்கமாட்டார். நாங்களும் 50 லிட்டரிலிருந்து 500-க்குப் போகும்போது ஹாப்ஸ் அளவையும், சாறு ஆறும் நேரத்தையும் புதிதாகக் கற்க வேண்டும். அந்தப் பக்குவத்தை அடுத்தவர் கையில் கொடுக்கிற மாதிரி எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. உருத்திரங்கண்ணனார் சொன்ன நல்லடையை அந்தக் குடியிருப்பில் செய்தவர்களின் அளவு நமக்குக் கிடைக்கவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்படுகிறேன்.

அம்மா இன்னும் ஒப்பவில்லை. ஆனால் கேழ்வரகு முளைகட்டும் பக்குவத்தை, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், துணியை எப்போது நனைக்க வேண்டும் என்று போன மாதம் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அது நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது பன்னிரண்டாம் ஈடு. சமயநல்லூரில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் தவலையில் வெள்ளையாகப் படியும். அப்படிப்பட்ட கடினத் தண்ணீர் டப்ளினில் கறுப்புப் பியருக்குப் பொருந்தியது. செக் நாட்டுப் பில்சனின் மென்மையான தண்ணீர் பொன்னிறப் பியருக்குப் பொருந்தியது. இதுவரை சுத்திகரித்த தண்ணீரையே பயன்படுத்தினோம். இந்த முறை அதில் சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கூட்டப்போகிறோம். தானியம், சூடு, நேரம், ஈஸ்ட் எல்லாம் பதினோராம் ஈட்டில் இருந்தபடியே.