போர்வீரராயிருந்த முன்னோரைத் தேடுதல்
(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முன்னோர் பெருமை பேசாத குடும்பம் உலகில் யாண்டும் இல்லை. ஆயின், அப்பெருமைக்கு ஆதாரம் யாதென வினவுவோர் மிகச் சிலரே. அங்ஙனம் வினவி விடையும் கண்ட ஒரு ஜனசமூகத்தாரைக் குறித்து இன்று சில சொல்ல விரும்புகின்றோம். அவர்கள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் வடவர் பக்கம் நின்று பொருத கறுப்பினச் சிப்பாய்களின் வழித்தோன்றல்களாவர்.

அடிமை வழக்கத்தைக் கைவிட மனமில்லாத தென்மாகாணங்கள் ஐக்கியத்தினின்றும் பிரிந்தமையால் அப்போர் மூண்டது. 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் கறுப்பினத்தவரைப் படையிற் சேர்ப்பதற்கெனத் தனி இலாகா ஏற்பட்டது. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,79,000 பேர் தரைப்படையில் சேவித்தனர். அவருள் சுமார் 40,000 பேர் மாண்டனர். மாண்டவருள் பெரும்பாலோரைக் கொண்டுபோனது நோயே. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். இவர்க்கோ 10 டாலர். அதிலும் உடுப்புக்கென 3 டாலர் பிடித்தம். சமச் சம்பளத்துக்கு 1864 ஜூன் மாதத்திற்றான் சட்டம் பிறந்தது.

நிற்க. இவர்தம் பேரன்மாரும் பேத்திமாரும் முன்னோரைத் தேடப் புகுந்தபோது ஒரு பெருந்தடை குறுக்கிட்டது. 1850, 1860-ஆம் ஆண்டுகளில் எடுத்த குடிமதிப்புக் கணக்கில் அடிமைகளுக்கென வேறு ஏடுகள் இருந்தன. அவற்றில் எஜமானன் பெயர் உண்டு. அடிமைகளுக்கோ வயது, ஆண் பெண் என்னும் பால், நிறம் என்பவையேயன்றிப் பெயர் இல்லை. அவர்களுட் பெரும்பாலோர் பெயருடன் கணக்கில் ஏறியது முதன்முதலாக 1870-ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன் தம் பாட்டன் யாவன், பாட்டி யாவள் என்று அறிய வழியின்றி அவர்கள் திகைத்தனர்.

அத்திகைப்பை நீக்கியவை சிப்பாய்களின் தஸ்தாவேஜுகளே. தேடுவோர் முதலில் வீட்டு முதியோர் சொல்லையும் கல்லறை எழுத்தையும் கொண்டு, சிப்பாயின் பெயர், மாகாணம், பட்டாளம் ஆகிய மூன்றையும் அறிவர். பின்னர் வாஷிங்டன் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவரது சேவைப் பதிவைக் காண்பர். வயது, உயரம், பிறந்த இடம், செய்த தொழில், படையிற் சேர்ந்த ஊர் முதலியன அதிற் குறிக்கப்பட்டிருக்கும்.

இதனினும் சிறந்தது உபகாரச் சம்பளக் கட்டு. போரில் ஊனமுற்றோர்க்கும், மாண்டோரின் விதவைகளுக்கும் உபகாரச் சம்பளம் வழங்க 1862-இல் சட்டம் செய்யப்பட்டது. ஆனால், அடிமைகளின் விவாகத்தை அந்நாட்டுத் தென்மாகாணச் சட்டங்கள் ஒப்பவில்லை. ஆகவே விதவையிடம் விவாகச் சீட்டு ஏது? 1864-இல் செய்த சட்டமொன்று, இருவரும் கணவன் மனைவியாய் வாழ்ந்தனர் என்பதற்குச் சாட்சிகளின் வாக்குமூலமே போதுமென இடமளித்தது. அதனால் அண்டை வீட்டாரும், உடனிருந்த சிப்பாய்களும், பிரசவம் பார்த்த மருத்துவச்சியரும் வந்து பிரமாணம் செய்தனர். குழந்தைகள் பிறந்த காலம், உழைத்த பண்ணை, விற்கப்பட்டுப் பிரிந்த உறவு ஆகிய யாவும் எழுத்தில் ஏறின. ஏழை விதவையின் விண்ணப்பமே அவள் குலத்தின் சரித்திர நூலாயிற்று!

ஒரு திருஷ்டாந்தம் கூறுவோம். அடிமைத்தளையினின்றும் தாம் தப்பியதோடு, மேலும் சுமார் எழுபது பேரை மீட்ட ஹாரியட் டப்மன் அம்மையாரை உலகம் அறியும். அவரை 1869-இல் மணந்த நெல்ஸன் டேவிஸ் ஒரு பழைய சிப்பாய். அவர் 1888-இல் இறந்தபின், அம்மையார் உபகாரச் சம்பளம் கோரினார். பட்டாள ஏட்டிலோ கணவர் பெயர் நெல்ஸன் சார்லஸ் என்றிருந்தது. சார்லஸ் என்பது எஜமானன் குடிப்பெயர்; டேவிஸ் என்பது தந்தையின் பெயர். இருவரும் ஒருவரே என்பதை மெய்ப்பித்த பின்னரே, 1895-இல் மாதம் 8 டாலர் அவருக்குக் கிடைத்தது. எஜமானன் பெயருடன் படையில் நுழைந்தவர் தந்தையின் பெயருடன் வாழ்ந்து மறைந்தார் என்பதை இன்று நமக்கு அறிவிப்பது அவ்விண்ணப்பக் கட்டேயன்றோ?

இங்கு எச்சரிக்கையும் ஒன்றுண்டு. தேசியப் பூங்கா இலாகாவார் தொகுத்துள்ள பட்டியலில் இருபக்கத்துச் சிப்பாய்களுமாக 63 லட்சம் பதிவுகள் உள. ஒரே பெயருடையார் பலர். ஒருவரே இரு பட்டாளங்களில் காணப்படுவதும் உண்டு. பெயர் ஒத்தது கொண்டே வீரரைத் தம் பாட்டனாக்கிக்கொள்வது ஆராய்ச்சியாகாது. மேலும், படையை விட்டு ஓடியவர், தண்டனை பெற்றவர் ஆகியோரையும் அவ்வேடுகள் மறைப்பதில்லை. புகழை மட்டும் தேடுவோன் பாதி முன்னோரையே காண்பான். உண்மையைத் தேடுவோன் முழுமனிதரைக் காண்பான்.

அன்பர்களே! பெயரே எழுதப்படாத ஒரு கூட்டத்தார் தம் முன்னோரைக் காகிதத் துண்டுகளினின்றும் மீட்டெடுத்தனர். நம் இல்லங்களிலும் பழம்பெட்டிகளில் படைவிலகற் சீட்டுகளும், உபகாரச் சம்பளப் புத்தகங்களும், கடிதங்களும் செல்லரித்துக் கிடத்தல் கூடும். அவற்றைக் குப்பையென எறியாது, முதியோர் உயிருடன் இருக்கும்போதே கேட்டெழுதி, ஊரும் ஆண்டும் குறித்து வைத்தல் நம் கடமையாகும். நாம் எழுதிவையாததைப் பேரன்மார் எங்ஙனம் படிப்பர்?