பால்மரம் சொல்லும் சாட்சி



பால்மரத்தைப் பற்றி வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். விடியுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தவர்களுக்கு அது சோறு போட்ட மரம். சில வேளைகளில் முதுகை ஒடித்த மரமுங்கூட. பேராக்கில் பல தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயம் இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போனால் நமக்கே வழி தெரிவதில்லை. ஆனாலும், தோட்டத்திலிருந்து வந்த வீடுகள் பலவற்றில் பால் வெட்டிப் பழகிய கை இன்னும் இருக்கிறது. அந்தக் கைக்குத் தெரிந்ததைக் கொண்டே இறைவனைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

இம்மரம் இந்த மண்ணுக்கு உரியதன்று. 1876 ஆம் ஆண்டில் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877 இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கில் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. நம் பாட்டன் பாட்டிகளைப் போல அந்த மரமும் கப்பலேறி வந்ததுதான்.

இப்போது வெட்டும் முறையைக் கவனிப்போம். பட்டைக்கும் உள்ளே இருக்கும் கட்டைக்கும் நடுவில் காகிதம்போல் மெல்லிய ஒரு படலம் உண்டு. வெளிப்புறம் புதுப்பட்டையையும் உட்புறம் புதுக்கட்டையையும் உண்டாக்குவது அதுவே. கத்தி அதைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாக வீங்கிவிடும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ‘மரத்தில் காயம் போட்டுவிட்டாயே’ என்று கங்காணியிடம் ஏச்சு வாங்காத தொழிலாளி யார்? பிரேசில் காடுகளில் முன்னாளில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரங்கள் சீரழிந்தன. 1890களில் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லிதான், படலத்தைத் தொடாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கும் முறையை வகுத்தார். அப்படிச் சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் மறுபட்டை வளர்ந்துவிடுகிறது. அதிலும் மீண்டும் பால் வெட்டலாம்.

இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி ஏன் வெட்டுகிறோம்? பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக மேலே செல்வதில்லை. சற்றே வலப்பக்கமாகச் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. நாம் வெட்டும் சாய்வு அவற்றைக் குறுக்கே அறுப்பதால் அதிகக் குழாய்கள் திறக்கின்றன. இருட்டோடு ஏன் போகவேண்டும்? இரவெல்லாம் வேர் இழுத்த நீர் மரத்தில் நிறைந்து, குழாய்களுக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும் வேளை அது. வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விடும், அழுத்தம் குறையும், பால் வடிவதும் குறையும். சில மணி நேரத்தில் பாலே உறைந்து வெட்டுவாயை அடைத்துக்கொள்ளும். மறுமுறை வெட்டப் போகும்போது நாம் உரித்தெடுக்கும் ஒட்டுப்பால் அப்படி உறைந்ததுதான்.

தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ள ஒரு மரத்திற்குக் கற்றுக் கொடுத்தது யார்? விஞ்ஞானம் அது நடக்கும் விதத்தை விளக்குகிறது. விளக்க விளக்க நமக்கு வியப்புத்தான் கூடுகிறது. படித்தவர்கள் நூலில் காணும் இந்த நுட்பத்தை, எழுத்தறியாத நம் தாய்மார்கள் விரல் நுனியில் அறிந்திருந்தார்கள். இறைவனுடைய கைவேலையை அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்தவர்கள் அவர்கள்.

ஆனால் இங்கேயே பேச்சை நிறுத்திவிட்டால் நாம் உண்மையை மறைத்தவர்கள் ஆவோம். காடும் மலையும் தோட்டத்து மக்களுக்கு அழகை மட்டும் காட்டவில்லை. மலைப்பாங்கான இடங்களில் காட்டை அழித்து ரப்பர் நட்டபோது வெயில் விழுந்த தெளிந்த ஓடைகள் உண்டாயின. பளிங்குபோன்ற அந்த நீரில்தான் மலேரியாவைப் பரப்பும் கொசு முட்டையிட்டது. எத்தனையோ லயங்களில் குழந்தைகள் காய்ச்சலில் போனார்கள். ‘பால்மரத்தைப் படைத்தவர்தானே கொசுவையும் படைத்தார்?’ என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்டால், அந்தக் கேள்வியை அதட்டி அடக்கக்கூடாது. நியாயமான கேள்வி அது.

அதே படைப்பில் மருந்தும் இருந்தது என்று ஓரளவு சொல்லலாம். பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து விழுங்கச் சொன்ன கசப்பான கொய்னா, தென் அமெரிக்காவின் சிங்கோனா மரத்துப் பட்டையில் கிடைத்தது. 1897 ஆகஸ்ட் 20 ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் கடவுளுக்கு நன்றி கூறிக் கவிதை எழுதினார். 1901 இல் கிள்ளானில் வேலை தொடங்கிய டாக்டர் மால்கம் வாட்சன், வடிகால் வெட்டிக் கொசுவை ஒழிக்கும் வழியைக் காட்டினார். இவையெல்லாம் நல்ல செய்திகளே. எனினும், இறந்துபோன பிள்ளையின் தாய்க்கு இவை முழுப் பதில் ஆகமாட்டா.

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பாருங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சிப்பிகளும் பவளங்களும் பாறையாகி, மேலே எழும்பி நிற்கின்றன. குனோங் சேரோவில் கல்லுமலை முருகன் கோயில் இருக்கிறது. பேராக் தோங் குகையில் சீனர்கள் புத்தரை வணங்குகிறார்கள். ஒரே குன்றுகளைப் பார்த்து எல்லாரும் கைகூப்புகிறோம். அண்டை வீட்டாரின் பக்தியை நாம் குறைவாகப் பேசவேண்டியதில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது: நம்மைவிடப் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பது வரையில் குன்று பேசும், அவர் பெயரை அது சொல்வதில்லை.

லீஸ்திரா என்ற ஊரில் அப்போஸ்தலர் பவுலுக்கு இதே நிலைமை ஏற்பட்டது. வேதாகமத்தை அறியாத அந்த மக்களிடம் அவர் மழையையும் விளைச்சலையும் பற்றித்தான் பேசினார்; கடவுள் தம்மைப் பற்றிய சாட்சியை அவற்றில் வைத்திருக்கிறார் என்றார். கேட்டவர்களோ பவுலையே தெய்வமாக்கிப் பலியிடும் எண்ணத்தை எளிதில் விடவில்லை. பின்னர் மனம் மாறிக் கல்லெறிந்தார்கள். படைப்பின் சாட்சி உண்மையானது, ஆனால் அது வாசற்படிதான் என்று நாம் சொல்வது இதனாலேயே.

வாசலைத் தாண்டி எங்களை உள்ளே அழைத்தது வேறொரு குரல். அடுத்த லயத்தில் ஞாயிறு மாலை கூடிய சிறு ஜெபக்கூட்டம், உபதேசியார் தமிழில் வாசித்த சுவிசேஷம், அரிக்கேன் விளக்கு, பாய், அழுகிற குழந்தை, இவ்வளவுதான். அங்கே நாங்கள் கேள்விப்பட்ட ஆண்டவர் தூர இருந்து மரத்தையும் மலையையும் செய்துவைத்துவிட்டுப் போனவராக இல்லை. தச்சு வேலை செய்து பிழைத்தவர். நண்பனின் கல்லறையருகில் அழுதவர். மனிதர் கையால் காயப்பட்டுச் செத்தவர். கொசுவைப் பற்றிய கேள்விக்கு அவர் விளக்கம் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நிற்கிற இடத்தில் வந்து நின்றார். மலையைப் பார்த்து நாங்கள் அறிந்தது அவருடைய வல்லமையை. எங்களிடம் அவருக்கு அன்பு உண்டு என்பதை இங்கேதான் அறிந்தோம்.

பால்மரத்தையும் சிலுவையையும் ஒப்பிட்டுப் பிரசங்கிப்பவர்கள் உண்டு. நாங்கள் அதை அளவோடுதான் சொல்வோம். மரம் தன்னைக் காக்கவே பால் சுரக்கிறது. நாம் அதை எடுத்துக்கொள்கிறோம். அவரோ அறிந்தே தம்மைக் கொடுத்தார். ஆனால் உயிர்த்தெழுந்த பிறகும் தோமாவுக்குக் காட்ட அவர் கையில் அந்தத் தழும்புகள் இருந்தன என்று வாசிக்கும்போது, மறுபட்டையைத் தடவிப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது எளிதில் விளங்கும்.

முதலில் நட்ட அந்த ஒன்பது மரங்களில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. விடுமுறையில் அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று காட்டுங்கள். பால்கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடிய கதையை முதலில் சொல்லுங்கள். அவர்கள் காது கொடுப்பார்கள். மற்றதைப் பிறகு சொல்லலாம்.