ஆற்றை பிள்ளை?



உங்கள் பூட்டன் இந்த மண்ணில்தான் பிறந்தார் என்று காட்டக் கடதாசி வைத்திருப்பவர்கள் கையை உயர்த்துங்கள். (ஒருவரும் உயர்த்தவில்லை.) காணி உறுதி இருக்கும், சாதகக் குறிப்பும் இருக்கும். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இராது. நம்மிடம் அதை யாரும் கேட்கவில்லை.

மலைநாட்டு இந்திய வம்சாவளித் தமிழரிடம் கேட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நாமும் அவர்களும் ஒரே முடியின் குடிகள். 1947 தேர்தலில் தங்கள் ஆட்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம் அது. மறுவருடமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு. இல்லையேல் பேரனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. லயத்துக் காம்பிராவில் பிறந்தவனுக்கு ஏது பத்திரம்? 1949இல் வாக்கும் போனது.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆளெண்ணிப் பங்கு போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். பத்து வருடம் கழித்து அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மாட்டுச் சந்தையில்கூட ஒவ்வொரு மாடாய்ப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, ஐயா!

கொழும்பைத் திட்டுவது சுகம். நம் கை சுத்தமா? இந்திய, பாகிஸ்தானிய வதிவிடத்தார் சட்டத்துக்கு அமைச்சராக இருந்து ஆதரவு கொடுத்தவர் நம்முடைய ஜீ. ஜீ. பொன்னம்பலம். அதை ஏற்காமல் அவரை விட்டுப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவரைத் தந்தை என்கிறோம். ஆனால் மலைநாட்டுச் சிறுபிள்ளைகளைக் கூட்டிவந்து வீட்டு வேலைக்கு நிறுத்தியது யார்? கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்களை ‘வடக்கத்தியான்’ என்றது யார்?

2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தது. நாம் எதைத் திருப்பிக் கொடுத்தோம்? கிளிநொச்சியில் காடு வெட்டிக் கழனியாக்கியும் காணி உறுதி இல்லாத மலையகக் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காக எத்தனை மேடை போட்டோம்?

1948இன் சட்டம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. தகப்பன் ஆர், பேரன் ஆர், பூட்டன் ஆர் என்றுதான் கேட்டது. நம் படலையில் ஒருவர் வந்து நின்றால் நாம் கேட்பதும் அதுதானே: “நீர் ஆற்றை பிள்ளை?”

இனி அந்தக் கேள்வி நாக்கு நுனிக்கு வரும்போது 1948ஐ நினையுங்கள். கேள்வியை விழுங்கிவிட்டுப் படலையைத் திறவுங்கள்.