எண் காட்டும் சான்று

கோவலன் கையிலிருந்த சிலம்பு அரசியின் சிலம்பை ஒத்திருந்தது. அதுவே போதுமென்று கொண்ட பாண்டியன், ஆராயாமல் தண்டனை விதித்தான். கண்ணகி அச்சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது; அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. உண்மை விளங்கியபோது உயிர் போயிருந்தது. இக்கணிப்பொறிக் காலத்திலும் இத்தகைய பிழை நேரக்கூடும் என்பதை அமெரிக்க இசைத் திருட்டு வழக்குகள் உணர்த்துகின்றன.

2003ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டு இசைப்பதிவு நிறுவனங்கள், பாடல்களை உரிமையின்றி இணையத்தில் பகிர்ந்ததாக 261 பேர்மீது வழக்குத் தொடுத்தன. இவர்களைக் கண்டறிந்த முறை யாது? பாடல் பகிரப்பட்ட இணைப்பின் ஐ.பி. முகவரி என்னும் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டனர். அந்நேரத்தில் அவ்வெண் எந்தச் சந்தாதாரருக்குரியது என்று இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்டறிந்தனர்.

ஆனால் அவ்வெண் வீட்டின் வாயிலைக் காட்டுமேயன்றி, உள்ளிருந்தவரைக் காட்டாது. ஓர் இணைப்பைக் குடும்பத்தினரும் விருந்தினரும் பயன்படுத்துவர். கம்பியில்லா இணைப்புக்குக் கடவுச்சொல் இல்லையெனில் அயலாரும் பயன்படுத்தலாம். இன்று ஒருவருக்கு அளித்த எண் நாளை மற்றொருவருக்குச் செல்வதும் உண்டு. நேரக் குறிப்புப் பிழைத்தால் ஆளும் மாறிவிடுவார்.

வழக்குக்குள்ளானோருள் 66 வயது மூதாட்டி ஒருவரும் இருந்தார். 'கசா' என்னும் மென்பொருளால் பாடல்களைப் பகிர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. அவரிடம் இருந்ததோ மெக்கின்டாஷ் கணிப்பொறி. அம்மென்பொருள் அதில் இயங்காது. அவ்வழக்கு அம்மாதமே திரும்பப் பெறப்பட்டது. 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எதையும் பகிராத அச்சுப்பொறியின் முகவரியைக் கண்காணிப்போர் பட்டியலில் படும்படி செய்தனர். பதிப்புரிமையை மீறியதாக அந்த அச்சுப்பொறியின் பேரிலும் புகார் வந்தது!

2018இல் ஒரு திரைப்பட வழக்கில், அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தெளிவாகத் தீர்ப்புரைத்தது. பலர் பயன்படுத்தக்கூடிய இணைப்புக்கு ஒருவர் சந்தாதாரர் என்பது மட்டுமே அவரைப் பொறுப்பாளியாக்கப் போதாது என்பதே அத்தீர்ப்பு.

இசையைத் திருடுவது குற்றமே. அது கலைஞனின் உழைப்பைக் கவர்வதாகும். எனினும் எண் என்பது விசாரணையின் தொடக்கமேயன்றி முடிவன்று. கணிப்பொறியின் சேமிப்பையும், நேரப் பதிவுகளையும், அதைப் பயன்படுத்தியோர் யாவர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். கணிப்பொறி பொய் சொல்லாது என்பர். அது சொல்லாததைச் சொன்னதாக நாம் கொள்ளலாகாது. சிலம்பை உடைத்துப் பார்த்த பின்னரே தீர்ப்பு எழுதப்படல் வேண்டும்.