மண்டலக் கவுன்சில்களும் நாமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

நாம் குடியிருக்கும் இந்நாகபுரி ஒரு காலத்தில் தலைநகரமாக விளங்கியது. 1956 அக்டோபர் முடிய மத்தியப் பிரதேசத்தின் ஆட்சி இங்கிருந்தே நடைபெற்றது. விதர்ப்பத்தைத் தனி மாநிலமாக்கலாம் என்று பசல் அலி ஆணையம் 1955-இல் பரிந்துரைத்தது, அஃது ஏற்கப்படவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மராத்தி வழங்கும் எட்டு மாவட்டங்கள் பம்பாய் மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. மத்தியப் பிரதேசத்தின் தலைநகரம் போபாலாயிற்று. 1960 மே 1-இல் மராட்டிய மாநிலம் பிறந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மாநிலமோ நான்கு ஆண்டுகளுக்குள் இருமுறை மாறிற்று.

இருப்புப் பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு இது புதுமையன்று. 2003-இல் இங்குள்ள கோட்டங்களுள் ஒன்று தென்கிழக்கு இரயில்வேயினின்று பிரிந்து, தென்கிழக்கு மத்திய இரயில்வேயில் சேர்ந்தது. கல்கத்தாவுக்குச் சென்ற கோப்புகள் பிலாஸ்பூருக்குச் செல்லலாயின. மேலுறையில் முகவரி மாறியது. உள்ளேயிருந்த ஊழியரின் குறை மாறவில்லை. எல்லைகளை இணைப்பதும் பிரிப்பதும் ஓர் ஆணையால் முடியும். அவ்வெல்லைக்குள் வாழ்வாரின் குறை கேட்கப்படுவதற்கு வேறோர் ஏற்பாடு வேண்டும்.

அவ்வேற்பாட்டை நேரு பெருமகனார் எண்ணிப் பார்த்தார். மாநிலங்களை மாற்றியமைத்த அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஐந்து மண்டலக் கவுன்சில்கள் அமைக்கப்பட்டன. மத்திய உள்துறை அமைச்சர் அவற்றின் தலைவர். ஒவ்வொரு மாநிலத்தினின்றும் முதலமைச்சரும் வேறு இரு அமைச்சர்களும் உறுப்பினர். நம் மராட்டியம் குஜராத்து, கோவா ஆகியவற்றோடு மேற்கு மண்டலத்தில் உள்ளது. பொருளாதாரத் திட்டம், எல்லைத் தகராறு, மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்து ஆகியவற்றோடு, மொழிச் சிறுபான்மையினர் நலனும் அங்கே பேசத்தக்க பொருளென்று சட்டமே கூறுகின்றது. அன்பர்களே, அந்த மொழிச் சிறுபான்மையினர் நாமே!

எனினும் இக்கவுன்சில்கள் ஆலோசனை கூறும் அவைகளேயன்றி ஆணையிடும் அவைகளல்ல. கேளாதவன் குறையை அவை தேடிவந்து தீர்க்கமாட்டா. ஆகவே கேட்கும் கடமை நம்முடையது.

நம் காலனிச் சிறுவர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆனால் ஊரிலிருந்து பாட்டனார் எழுதும் கடிதத்தை அவர்களுள் எத்தனை பேர் தாமே படிக்கின்றனர்? தாய் படித்துச் சொல்லக் கேட்டுத் தலையாட்டும் பிள்ளைகளே பலர். இந்நிலை நீடித்தால் அடுத்த தலைமுறையில் படித்துச் சொல்லவும் ஆள் இராது.

அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கின்றது. இதைக் கண்காணிக்க ஒரு தனி அதிகாரியும் உண்டு. இவ்விரண்டும் 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தவை. அதற்கு முன்பே, 1949-இல் கல்வியமைச்சர்கள் கூடி ஒரு நெறி வகுத்தனர்: ஒரு பள்ளியில் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ அம்மொழியினராயின் ஓர் ஆசிரியரையேனும் அமர்த்த வேண்டும் என்பது அது.

மராத்தியை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நமக்குச் சோறளிக்கும் மண்ணின் மொழியை நம் மக்கள் செம்மையாகக் கற்க வேண்டும். அதனோடு தமிழும் வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

எண்ணிப் பார்ப்போம். எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், நம் குழந்தைகள் எத்தனை பேர் என்று வீடுவீடாகச் சென்று பட்டியல் எடுப்போம். பத்துப் பேர் தேறுமிடத்துப் பெற்றோர் கையொப்பத்துடன் மனுக் கொடுப்போம். அடுத்த ஆண்டு விழாவில் அப்பட்டியல் இம்மேடையில் படிக்கப்படுமாயின், இன்று நான் பேசியது வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.